நார்மல் என்று எழுதாதவர்

அரூரில் நான் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருடம் டெக்னீஷியனாக இருந்த பெண் அவர். அந்த ஆறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒன்றில்கூட ‘நார்மல்’ என்று எழுதியதில்லை. கெஞ்சிப் பார்த்தேன். சத்தம் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி மேசைமேல் அடித்ததில் இரண்டு பொத்தான்கள் தெறித்து ஓடின. அவர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து இரண்டையும் பொறுக்கி, ஊதித் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"ஒண்ணு கமாங்க சார். இன்னொண்ணு எம். ரெண்டும் தேவைப்படும், ஒட்டிக்குங்க" என்றார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்க் காட்டுவார்கள். உடனே போன் வரும். "ஆறு வருசம் இல்லீங்க சார், அஞ்சு வருசம் ஏழு மாசம்" என்பார். அதைச் சொல்வதற்கு மட்டும் கூப்பிடுவார். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டால், "நேத்து மாதிரியே இருக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். மெஷினைத் திறக்கும் முன்பு அதன் கண்ணாடியைத் தன் வெள்ளைக் கோட்டின் நுனியால் துடைப்பார். கோட்டின் அந்த ஒரு மூலை மட்டும் எப்போதும் சாம்பல் நிறத்தில் இருக்கும். ரத்தம் எடுக்கும்போது வலிக்காது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். "கொஞ்சம் வலிக்கும்" என்பார். குழந்தைகளிடமும் அதையேதான் சொல்வார். அழும். அழுது முடிக்கும்வரை ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரமே தொடங்கியது. எங்கள் ரிப்போர்ட்டில் மூன்று கட்டங்கள். முதலில் நோயாளியின் அளவு, அடுத்தது இருக்க வேண்டிய அளவு, மூன்றாவதாகக் குறிப்பு. அளவு வரம்புக்குள் இருந்தால் கம்ப்யூட்டர் தானாகவே மூன்றாவது கட்டத்தில் ‘நார்மல்’ என்று அடித்துவிடும். அதை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"எண்ணு இருக்குது. எதுலருந்து எது வரைக்கும்னு பக்கத்துலயே இருக்குது. அப்பறம் மூணாவதா ஒரு வார்த்தை எதுக்குங்க?"

"ஜனங்களுக்குப் புரியணுமில்லீங்களா மேடம்?"

"புரியாதுங்க சார். புரிஞ்ச மாதிரி இருக்கும்."

அவர் போய்விட்டால் அரூரில் வேறு டெக்னீஷியன் கிடைப்பது கஷ்டம். நான் வெறும் பட்டதாரி. மெஷினில் ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தால் என்ன செய்வது என்று தெரியாது. அதனால் சேலத்திலிருந்த சாஃப்ட்வேர்க்காரரிடம் போனில் சொல்லி அந்தச் சொல்லை எடுத்தேன். அதன்பிறகு எங்கள் ரிப்போர்ட்டில் மூன்றாவது கட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு சொல் தெரியும். பிரசவம் நார்மல். டீக்கடையில் ஸ்ட்ராங் வேண்டாம், நார்மல். பையனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தால் குடும்பம் நார்மல். பரிசோதனைக்கு வருகிறவர்களும் அந்தச் சொல்லைக் கேட்கத்தான் வருகிறார்கள். தீர்த்தமலைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் சர்க்கரை பார்க்க வந்தார். ரிப்போர்ட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், எட்ட வைத்து, மறுபடி அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எங்கள் டெக்னீஷியனிடம் நீட்டினார்.

"நார்மலா கண்ணு?"

"நூத்திப் பத்துங்க."

"அது சரி. நார்மலா?"

"டாக்டருகிட்டக் காட்டுங்க, அவரு சொல்லுவாரு."

"அவருகிட்டக் காட்டத்தான் போறேன். நூத்திப் பத்துன்னா நார்மலா இல்லியா, அத நீ சொல்லு."

"உங்களுக்குப் போன தடவ எவ்ளோ இருந்துச்சுங்க?"

"அடப் போம்மா!" என்று பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். நான் அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், மெதுவாக, "நார்மல்தாங்க, போயிட்டு வாங்க" என்றேன். முகம் மலர்ந்து போனார். உள்ளே வந்தால் இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை. என் லேபில், என் நாற்காலியில், என்னோடு!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சித்தேரி மலையிலிருந்து வந்த ஒருவரின் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கசந்துபோயிற்று. தன் மனைவியின் ரிப்போர்ட்டை வாங்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். எழுதி அனுப்பிய டாக்டர் ஊருக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த ஆள் கேட்டதும் அதே கேள்விதான். இவர் எண்களைப் படித்துக் காட்டினார். அவர் எண்களை வாங்கிக்கொண்டு போனார். நான் அன்று ஒரு சாவுக்குப் போயிருந்தேன், இல்லாவிட்டால் சொல்லியனுப்பியிருப்பேன். திங்கட்கிழமை கணவனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு நாளாக இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய வியாதியாக இருக்கப்போய்த்தான் இந்தம்மா வாயைத் திறக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று ஒரு நொடியில் அனுப்பிவிட்டார்.

"ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போவுது?" என்று கத்தினேன்.

"அவங்களுக்குச் சரியா இருந்துச்சு. சரிங்க. அடுத்த சனிக்கெழம வேற ஒருத்தரு வருவாரு. எண்ணு சரியா இருந்தும் அவருக்குக் கோளாறுன்னா? அவருக்கும் நான்தான சொல்லணும்?"

சொன்னாரே தவிர, அது அவரையும் அறுத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் டாக்டர் கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து, எல்லா ரிப்போர்ட்டையும் வாசித்துக் காட்டி, ஒவ்வொருவருக்கும் என்ன சொல்வது என்று கேட்டு எழுதிக்கொள்வார். டாக்டர் காரில் ஏறிய பிறகும் விட மாட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய் எனக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

லேபுக்கு நேர் எதிரே ஓர் இட்லிக் கடை. அதை நடத்திய அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். விடியற்காலையிலிருந்து மத்தியானம்வரை அடுப்புக்கு முன்னால் நின்றபடியே இருப்பார். காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் அங்கேதான் சாப்பிடப் போவோம். இந்தச் சண்டையெல்லாம் அக்காவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

"ஏங்கண்ணு, அந்த வார்த்தைய எழுதுனா கை சுட்டுருமா உனக்கு?" என்று ஒருநாள் அக்கா கேட்டார்.

இவர் சட்னியைத் தொட்ட விரலைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். ஒரு பெரிய ஆங்கில அகராதியின் பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருந்தார். டிப்ளமா படிக்கும்போது ஒரு பேராசிரியர் பாடத்துக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போனதை, விடாமல் நூலகத்தில் போய்த் தேடிப் பார்த்திருக்கிறார்.

"லத்தீன் பாசையில நோர்மான்னா ஆசாரிங்க வெச்சிருக்கற மூலைமட்டமாங்க்கா. அதுலருந்துதான் நார்மல் வந்துச்சாம். எங்கப்பா ஆசாரி. வாசக்கால் வெச்சா கண்ணால பாத்துச் சரின்னு சொல்ல மாட்டாரு. மட்டத்த வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு. அத்தன வருசம் அந்தச் சாமானத்த வூட்டுல பாத்திருக்கறேன். அதோட பேருதான் இதுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

"அப்பறம் என்ன? உங்கப்பா சொன்ன மாதிரி நீயும் மட்டம் வெச்சுப் பாத்துச் சொல்லிட்டுப் போயேன்" என்றார் அக்கா.

"மரத்துக்கு ஒரே மட்டம் போதும்ங்க்கா. உங்களுக்கும் சாருக்கும் எப்புடி ஒரே மட்டம் வெக்கறது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இட்லி ஆறிப்போவதைப் பற்றிக் கவலைப்படாமல் விளக்கினார். முதலில் அந்தச் சொல்லுக்குச் செங்கோணத்தில் நிற்பது என்றுதான் பொருளாம். பிளஸ் டூ கணக்கில் வருகிற நார்மல் இன்றைக்கும் செங்குத்துக் கோடுதான். பிறகு விதிப்படி இருப்பது என்று ஆயிற்று. அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான், எல்லாரும் எப்படி இருக்கிறார்களோ அப்படி இருப்பது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கடைசிப் பொருளின்மேல்தான் அவருக்குக் கோபம். சரியாக இருப்பதும் எல்லாருக்கும் இருப்பதும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார், அகராதியை எழுதியவன் நான்தான் என்பதைப்போல.

லேபில் அவர் மதித்த நார்மல் ஒன்றே ஒன்று. பழைய முறையில் ரத்த அளவு பார்ப்பதற்கு அமிலம் ஒரு பாட்டிலில் இருந்தது. அதன்மேல் நார்மலில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும்; அமிலத்தின் வீரியத்தை அளக்கிற அலகுக்கும் நார்மல் என்றுதான் பெயர். புதிய மெஷின் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. தூக்கிப் போடப் போனேன், விடவில்லை. "அதுல மட்டும்தாங்க சார் அந்த வார்த்தைக்கு ஒரு அளவு இருக்குது" என்றார். கொரோனா சமயத்தில் டிவிக்காரர்கள் புதிய நார்மல், புதிய நார்மல் என்று தினமும் சொன்னபோது, வரவேற்பறையில் இருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நோயாளிகள் என்னிடம் வந்து ரிமோட்டைக் கேட்பார்கள்.

அவருடைய பற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் புளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இருக்குமே, குறுக்கே பழுப்புப் பட்டை விழுந்த பற்கள், அதுதான் அவருக்கும். மறைக்க மாட்டார். நானாகக் கேட்கவில்லை, ஒருநாள் அவராகவே சொன்னார். அவர் ஐந்தாவது படித்தபோது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பற்கள். வாத்தியாருக்கும் அதே பற்கள். நடுவில் ஒரு பெண் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் பல் வெள்ளையாக இருந்தது.

"அந்தப் புள்ளைக்கு என்னமோ வியாதின்னு நெனச்சோம்ங்க சார். பல்லுல ரத்தம் இல்லன்னு சொல்லி ஓட்டுவோம். பக்கத்துல உக்கார மாட்டோம். அது வாயத் தொறக்கவே பயப்படும். கைய வெச்சு மூடிக்கிட்டுத்தான் பேசும். மூணு மாசத்துல அது வூட்டுல வேற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"சின்னப் புள்ளைங்கதான" என்றேன்.

"ஒழுங்கான பல்லு அந்த ரூம்புலயே அது ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு எழுந்து போய் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. திரும்பத் திரும்ப வருகிறவர்களின் பெயரை எழுதி, அவர்களுடைய பழைய அளவுகளை வரிசையாகக் குறித்து வைத்திருப்பார். கம்ப்யூட்டரிலும் அதெல்லாம் இருக்கிறதே என்றால், "இருக்குது. யாரு பாக்கறாங்க?" என்பார். அச்சடித்த வரம்பைவிட, ஓர் ஆளுக்குப் போன மாதம் என்ன இருந்தது என்பதைத்தான் அவர் நம்பினார். கூட்டம் நிற்கும்போது நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் என்னை முறைப்பார்கள்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. எங்களுக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை அனுப்புகிறவர் அவர். ஒருநாள் என்னைத் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

"என்னய்யா, ஒரு கட்டம் காலியாவே இருக்குது? ஒவ்வொரு பேஷன்ட்டும் என்கிட்ட வந்து நார்மலா, நார்மலான்னு உசுர எடுக்கறாங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற லேப்ல அழகா அடிச்சுக் குடுக்கறான். உன்னால முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். அந்த வாரம் இவர் லீவில் இருந்தார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், சேலத்தில் ஐந்து நாள். அவருக்குப் பதிலாக வந்தவருக்கு எந்தச் சொல்லின்மேலும் விரோதம் இல்லை. நான் சாஃப்ட்வேர்க்காரரைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது. ஐந்து நாளும் நிம்மதியாக இருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கினார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

அந்த ஐந்து நாளில் எதிர்க்கடை அக்காவும் வந்து ரத்தம் கொடுத்தார். பத்து வருடமாக பிரஷர். வருடத்துக்கு இரண்டு தடவை பார்ப்பது வழக்கம். எங்கள் ஊரில் உப்பு என்று சொல்வார்களே, சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற கிரியேட்டினின், அது ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி இரண்டுவரை இருக்கலாம் என்று பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் நார்மல் என்று அடித்திருந்தது. நானே சாலையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

லீவு முடிந்து வந்தவர் அந்தச் சொல்லைப் பார்த்தார். ஐந்து நாள் ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நோட்டில் ஏற்றினார். மத்தியானம் திடீரென்று நோட்டோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போனார். என்னமோ நடக்கப்போகிறது என்று நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நாளைக்கி வாங்க. இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும்."

"எதுக்கு கண்ணு? இப்பத்தான எடுத்தேன். நார்மல்னு வந்திருக்குது. தம்பிகூட படிச்சுச் சொல்லிச்சே."

"உப்பு போன தடவ பாயின்ட் ஆறு இருந்துச்சு. அதுக்கு முந்தியும் அதே. இப்ப ஒண்ணு பாயின்ட் ஒண்ணு. முட்டி வலிக்கிக் கடையில வாங்கி முழுங்கறீங்களே ஒரு மாத்திர, அத இன்னும் முழுங்கறீங்களா?"

"அத முழுங்கலன்னா இந்த அடுப்புகிட்ட யாரு நிக்கறது?"

டாக்டர் சொன்னது என் காதில் இருந்தது. கடையில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் வாடிக்கைக்காரர்கள். நான் முந்திக்கொண்டேன்.

"அட விடுங்கக்கா. ஒண்ணு பாயின்ட் ரெண்டு வரைக்கும் நார்மல்தான். இவங்க எப்பவும் இப்பிடித்தான், நல்லா இருக்கறவங்களையும் படுக்க வெச்சுருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் கரண்டியை ஓங்கி இவரை அடிப்பதுபோலக் காட்டிச் சிரித்தார். இவர் நோட்டை மூடினார்.

"மாத்திரய மட்டும் நிறுத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

உள்ளே வந்ததும் பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"அந்த வார்த்தைய எடுப்பீங்களா சார்?"

"மாட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஸ்கேலை வைத்து அந்தச் சொல்லின்மேல் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது ரிப்போர்ட். ஒவ்வொன்றிலும் எட்டு, பத்துக் கோடு. அடித்தல் திருத்தலோடு போன காகிதங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. நான் கீபோர்டை உடைத்தது அந்த நாட்களில்தான். ஒரு மாதம் கழித்து, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னார். நோட்டை என் மேசைமேல் வைத்தார். "இத யாராச்சும் எழுதிக்கிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் எழுதவில்லை. எனக்கு நேரமில்லை, புதிதாக வந்தவருக்கு அது எதற்கு என்று புரியவில்லை.

அவர் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். அக்காவுக்குக் கால் வீங்கியது. நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தார். பிறகு காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருந்தது. சாப்பிட்டது நிற்கவில்லை. ஒருநாள் கடை திறக்கவில்லை. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கடைய யாருகிட்டயாச்சும் ஒப்படைக்கணும் தம்பி, நல்ல ஆளாப் பாரு" என்றார். நான் கடைவாசலில் வைத்துச் சொன்னதை அக்கா மறந்துவிட்டாரா, மறக்கவில்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. லேபில் உட்கார்ந்தால் எதிரே இறக்கிவிட்ட ஷட்டர்தான் தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் அது இருக்கிறது என்பது அதைவிட மோசமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பி அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். திட்டு வாங்கத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் ஜன்னலோரம் நின்று ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எதிர்க்கடை அக்காவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க சார். போன வாரம் போயிப் பாத்தேன்."

"அன்னிக்கி நான் அப்பிடிச் சொல்லாம இருந்திருந்தா?"

"தெரியாதுங்க."

"மறுநாளே இன்னொரு தடவ ரத்தம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமில்லீங்களா?"

"தெரிஞ்சிருக்கலாம். தண்ணி குடிக்காம அடுப்புகிட்ட நின்னதுல அன்னிக்கி மட்டும் ஏறியிருந்திருக்கலாம். மாத்திரயால ஏறியிருக்கலாம். பத்து வருசமா பிரஷர் வேற. எதனாலன்னு நான் எப்புடிங்க சொல்றது?"

"என்மேல தப்பா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் அடுத்த குழாயை எடுத்தார். பெயரைப் படித்துச் சரிபார்த்துச் சீட்டை ஒட்டினார்.

"நானும் ஒரே தடவதான சார் சொன்னேன். நீங்க எல்லாம் சிரிச்சதும் கோவம் வந்துச்சு, திரும்பி வந்துட்டேன். மறுநாளு போயி அக்காவக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கலாம். போவலியே."

"அப்ப ரெண்டு பேரு மேலயும் தப்பா?"

"அதத்தான தெரியாதுங்கறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்ல மாட்டீங்க. தப்புப் பண்ணுனவனத் தப்புப் பண்ணுனன்னும் சொல்ல மாட்டீங்க. நாலு வார்த்தை திட்டுனாலாவது கேட்டுக்கிட்டுப் போவேன்ல? அதுகூடவா முடியல உங்களால?"

"திட்டுனா உங்களுக்கு அதோட முடிஞ்சிரும்ங்க சார்." குரல் உயரவே இல்லை. "அக்காவுக்கு நாளைக்கி மறுபடியும் தர்மபுரி போவணும். அஞ்சரை பஸ்ஸு. போவும்போது நின்னுக்கிட்டு, வரும்போது வாந்தி எடுத்துக்கிட்டு. உங்க காரு லேப் வாசல்ல சும்மாதான நிக்குது?"

வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு வந்தேன். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. இவர் யார் எனக்கு வேலை சொல்வதற்கு? இப்போது இவர் என்னிடம் வேலை பார்க்கிறவர்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. போக வேண்டாம் என்று ஒரு தடவை படுத்தேன். எழுந்து சட்டை போட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்கு அக்காவின் தெருவுக்குள் காரைத் திருப்பியபோது, பஸ்ஸுக்குப் போயிருப்பார், வீண் அலைச்சல் என்றுதான் நினைத்தேன்.

அக்கா வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸுக்குப் போவலியாக்கா?"

"அந்தப் புள்ள நேத்து சாயங்காலம் போன் பண்ணிச்சு தம்பி. காரு எடுத்துக்கிட்டு நீ வருவ, பஸ்ஸுக்குப் போவாதீங்கன்னு சொல்லிச்சு."

"நான் வர்றேன்னு சொல்லவே இல்லியேக்கா அவங்ககிட்ட!"

"அப்பிடியா? கண்டிப்பா வருவன்னுச்சே" என்று அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார்.

நான் வராமல் இருந்திருந்தால்? பஸ்ஸும் போயிருக்கும். அடுத்த பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அக்காவின் முறை போயிருக்கும். எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று ஆறு வருடம் என் உயிரை எடுத்த பெண், எந்த ஆதாரமும் இல்லாமல் இதை மட்டும் எப்படிச் சொன்னார்? காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டேன்.